முதல் என்று வந்தால் ஏ-எல்: பிரின்சிபல், பிரின்சிபிள் குழப்பத்துக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு பதில்

கோட்டையூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். கல்லூரி முதல்வருக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில் பிரின்சிபல் என்ற ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை என்று சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அதே வாரம் அப்பாவின் வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் அதிலும் அந்தச் சொல் இருந்திருக்கிறது. "பேங்க் கணக்கில் கல்லூரி முதல்வருக்கு என்ன வேலை? அகராதியில் தேடினால் கொள்கை என்று வேறு போட்டிருக்கிறது. இது ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?" என்று கேட்கிறார்.

தம்பி, இவை இரண்டு சொற்கள். முதல் ஏழு எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்: பி, ஆர், ஐ, என், சி, ஐ, பி. கடைசி இரண்டு எழுத்தில்தான் வித்தியாசம். ஒன்று ஏ, எல் என்று முடியும். இதைப் பிரின்சிபல் என்று எழுதுகிறேன். இன்னொன்று எல், ஈ என்று முடியும். அதைப் பிரின்சிபிள் என்று எழுதுகிறேன். கல்லூரி முதல்வரும் கடனின் அசலும் ஏ-எல். கொள்கை எல்-ஈ. அவசரத்துக்கு இது போதும். ஆனால் இது ஏன் இப்படி என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பிறகு மறக்காது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் பேங்க் வேலை பார்த்தவன். இந்த இரண்டு சொல்லாலும் ஒரு குடும்பம் பணம் இழந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காது விஷயம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் வாயில் இந்த இரண்டும் ஒரே ஒலிதான். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் பிரித்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர்களே எழுதும்போது அடிக்கடி தப்பு விடுகிற இடம் இது. ஆகவே உங்கள் காது மந்தம் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள். நம் ஊர்ப் பேச்சில் கல்லூரித் தலைவரைப் "பிரின்சிபால்" என்று 'பா'வை நீட்டிச் சொல்கிறோம். கொள்கையைச் சொல்லும்போது "அவருக்குன்னு ஒரு பிரின்சிபிள் உண்டு" என்கிறோம். ஆங்கிலேயர் வாயில் அழிந்துபோன ஏ என்ற எழுத்து நம் "பிரின்சிபாலில்" உயிரோடு இருக்கிறது. சின்ன வயதில் இந்த உச்சரிப்பைத் தவறு என்று திருத்தியிருப்பார்கள். ஆங்கிலம் பேசும்போது திருத்திக்கொள்ளுங்கள், சரிதான். எழுதும்போது மட்டும் மனதுக்குள் நம் ஊர் மாதிரியே சொல்லிப் பாருங்கள். 'பால்' வந்தால் ஏ-எல். 'பிள்' வந்தால் எல்-ஈ.

இது காதுக்கான வழி. பொருளுக்கான வழி இன்னும் உறுதியானது, அது முழுக்க முழுக்கத் தமிழில் இருக்கிறது. முதல் என்ற ஒரே சொல்தான்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் ஏஜெண்டாக இருந்தவர். கொண்டுவிற்கப் போவது என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். அவர் காலத்துப் பேரேடு ஒன்று எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் மரப்பெட்டிக்குள் ரொம்ப நாள் கிடந்தது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், அதற்குக் கீழே வரவும் பற்றும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மழைநாளில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவேன். பணம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத் தலைப்புகள் இருக்கும். கடை போட்டவர் கையிலிருந்து போட்டது முதல் பணம். கல்யாணமாகி வந்த பெண்களின் சீதனப் பணம் கடையில் போட்டு வைத்திருந்தால் ஆச்சிமார் பணம். கோயிலுக்கு உரியது கோயில் பணம். குறிப்பிட்ட காலத்துக்கு என்று போட்டது தவணைப் பணம். வருஷ முடிவில் எல்லாவற்றையும் திரட்டி ஐந்தொகை போடுவார்கள். ஆங்கிலத்தில் பேலன்ஸ் ஷீட் என்கிற வேலையைச் செய்வது அந்த ஐந்தொகைதான்.

அந்தப் பேரேட்டில் ஒவ்வொரு கடன்காரர் பெயருக்கு நேராகவும் கொடுத்த தொகை தனி, அதற்கு ஏறிய வட்டி தனி. கொடுத்த தொகை முதல். நாம் இன்று அசல் என்கிறோம். ஆங்கிலத்தில் அதுதான் பிரின்சிபல், ஏ-எல். அசல் என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல், அங்கே அதற்கு வேர் என்று பொருள். தமிழில் முதல் என்றால் தொடக்கம், அடி, வேர். பிரின்சிபல் என்ற சொல்லும் 'முதலாவது' என்ற லத்தீன் வேரிலிருந்துதான் கிளைத்தது. வட்டி பிறகு வருவது, கொடுத்த தொகைதான் தொடக்கம் என்று மூன்று மொழிக்காரர்களும் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

தமிழில் இது புதிய வழக்கும் கிடையாது. "முதலிலார்க்கு ஊதியமில்லை" என்று திருக்குறளிலேயே வருகிறது. முதல் போடாதவனுக்கு லாபம் இல்லை என்று அர்த்தம். கோயில் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். முதல் அப்படியே நிற்க, பொலிசையிலிருந்து விளக்கெரிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்த முதலை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் ஏ-எல் போட்டுத்தான் எழுத வேண்டும். "லாபத்துக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசமாச்சு" என்று வீட்டில் சொல்வார்களே, அந்த முதலும் இதுவேதான்.

இப்போது முதல் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். கைபேசியில் தங்கிலீஷில் அடிப்போமே, அந்த மாதிரி. கடைசி இரண்டு எழுத்து என்ன வருகிறது? ஏ, எல். பிரின்சிபலின் கடைசி இரண்டு எழுத்தும் அதுவே. அதேபோல் விதி என்பதற்கு ஆங்கிலத்தில் ரூல் என்கிறோம். அது எல், ஈ என்று முடிகிறது, பிரின்சிபிள் மாதிரியே. முதல் என்று மொழிபெயர்க்க முடிந்தால் ஏ-எல். விதி, கொள்கை என்று மொழிபெயர்க்க முடிந்தால் எல்-ஈ. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதும், அதற்குப் பிறகு அவர்கள் தப்பு விடுவதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்லூரியில் முதல் இடத்தில் இருப்பவர் முதல்வர், அவர் ஏ-எல். கடனில் முதலில் கைக்கு வந்த தொகை முதல், அதுவும் ஏ-எல். பேங்க் கணக்கில் கல்லூரி முதல்வருக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். ஆங்கிலத்தில் முதல்வரும் முதலும் ஒரே சொல்லாக நிற்கிறார்கள், அவ்வளவுதான். தமிழில் 'வர்' சேர்த்து ஆளைத் தனியாகக் காட்டிவிட்டோம். வேர் ஒன்றுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தச் சாவியைத் திருப்பிப் போட்டுத் திறக்கக் கூடாது. பிரின்சிபல் வருகிற இடத்தில் எல்லாம் முதல் வரும். முதல் வருகிற இடத்தில் எல்லாம் பிரின்சிபல் வராது. முதல் வகுப்பு என்பது ஃபர்ஸ்ட் கிளாஸ். தமிழ்நாட்டு முதல்வர் சீஃப் மினிஸ்டர். ஐயாவின் பேரேட்டில் இருந்த முதல் பணத்தைக்கூட இன்றைய கணக்கு ஆங்கிலத்தில் கேப்பிடல் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கடைக்காரர் தொழிலில் போட்ட பணம். அந்தக் கடையிலிருந்து ஒருவருக்குக் கடனாகப் போன தொகைதான் பிரின்சிபல். தமிழில் இரண்டையும் முதல் என்றே சொல்லிவிடுகிறோம். வணிகவியல் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள்.

உங்கள் அப்பாவின் ஸ்டேட்மென்ட்டையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எழுத்துக்கூட்டலைவிட அங்கேதான் குடும்பத்துக்குக் காரியம் இருக்கிறது. உதாரணத்துக்கு 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், வருஷத்துக்கு 9 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 17,995 ரூபாய் வரும். முதல் மாதம் கட்டுகிற அந்தத் தொகையில் 15,000 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். அசலில் குறைவது 2,995 ரூபாய்தான். அடுத்த மாதம் வட்டி 14,978 ஆகும், அசலுக்கு 3,017 போகும். இப்படி அங்குலம் அங்குலமாகத்தான் அசல் இறங்கும். 20 வருஷமும் தவறாமல் கட்டி முடித்தால் வட்டி மட்டுமே 23 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரிசைக்கு மேலே பிரின்சிபல் என்றும் இன்னொரு வரிசைக்கு மேலே இன்டரஸ்ட் என்றும் போட்டிருப்பது இந்தப் பிரிவைக் காட்டத்தான். பிரின்சிபல் அவுட்ஸ்டாண்டிங் என்றால் நிலுவையில் நிற்கிற அசல். "மூணு வருஷமா கட்டுறோம், கடன் குறையவே மாட்டேங்குதே" என்று கவுன்டரில் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பார்த்தது கட்டிய மொத்தத் தொகையை. பார்த்திருக்க வேண்டியது இந்த ஒரு வரிசையை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வீட்டுக் கடன் அசலுக்கு ஒரு வரம்பும் வட்டிக்கு வேறொரு வரம்பும் உண்டு. அதற்கும் இந்த இரண்டு வரிசைதான் ஆதாரம்.

புரோநோட்டு, கடன் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அசல் தொகை என்று எழுதுகிற இடத்தில் எல்-ஈ போட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போட்டால் 'கொள்கைத் தொகை' என்றாகிவிடும். படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார், கடன் ஒன்றும் செல்லாமல் போய்விடாது. ஆனாலும் பணம் சம்பந்தப்பட்ட காகிதத்தில் ஊகத்துக்கு இடம் வைக்காமல் எழுதுவது நல்லது.

அடுத்தது முதலாளி. நம் ஊருக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம். பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ சைகோனிலோ கடை நடத்திய பலர் அங்கே போய் உட்காரவில்லை. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் இருந்துகொண்டு ஏஜெண்டை அனுப்பினார்கள். அவருக்குச் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. ஏஜெண்ட் அங்கே கொடுக்கிற கடனும் வாங்குகிற டெபாசிட்டும் இங்கே இருக்கிற முதலாளியைக் கட்டுப்படுத்தும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182ஆம் பிரிவு இந்த உறவைத்தான் வரையறுக்கிறது. இன்னொருவருக்காகக் காரியம் செய்கிறவர் ஏஜெண்ட், யாருக்காகச் செய்கிறாரோ அவர் பிரின்சிபல். ஏ-எல். முதலை ஆள்பவர் முதலாளி என்று தமிழ் சொல்வதும், சட்டம் அவரைப் பிரின்சிபல் என்று சொல்வதும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன பாருங்கள்.

இன்று இதே சொல் பவர் பத்திரத்தில் வருகிறது. செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும், வரி கட்ட வேண்டும் என்றால் ஊரில் இருக்கிற ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுப்பார்கள். ஆங்கிலப் பத்திரத்தில் பிரின்சிபல் என்று வருவது பவர் கொடுக்கிறவர். பவர் வாங்கிக்கொண்டு அலைகிறவர் ஏஜெண்ட். "நான்தானே எல்லாம் பார்க்கிறேன், அப்ப நான்தானே பிரின்சிபல்?" என்று எங்கள் உறவில் ஒரு அண்ணன் கேட்டார். அண்ணே, முதல் யாருடையதோ அவர்தான் பிரின்சிபல் என்று சொன்னேன்.

ஜாமீன் விஷயமும் அப்படியே. அதே சட்டத்தின் 126ஆம் பிரிவில், யார் கடனைக் கட்டத் தவறினால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டுமோ அந்த ஆளுக்குப் பிரின்சிபல் டெட்டர் என்று பெயர். முதன்மைக் கடனாளி. இங்கே பிரின்சிபல் என்பது பின்னால் வருகிற பெயரைச் சிறப்பித்து, முக்கியமான, முதன்மையான என்று பொருள் தருகிறது. முதன்மைச் செயலாளர், முதன்மை மாவட்ட நீதிபதி என்றெல்லாம் போர்டில் பார்க்கிறோமே, அங்கேயும் இதே சொல்தான். பெயருக்கு முன்னால் உரிச்சொல்லாக நின்று விளக்குகிற வேலை ஏ-எல் சொல்லுக்குத்தான் உண்டு. பிரின்சிபிள் வெறும் பெயர்ச்சொல். முதல் என்ற சாவி கையில் இல்லாவிட்டால் இந்த இலக்கணத்தை வைத்தே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

பர்மாக் கதையிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கிற உதாரணம். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களைப் பற்றிய ஒரு கணக்கை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுவார்கள். அந்த மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த விளைநிலம் 1930இல் 6 சதவீதம், 1938க்குள் 25 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. நிலத்தை இழந்தவர்களுக்கு அது தீராத கோபமானது. கொடுத்தவர்களுக்கோ வேண்டியது பணம், வந்தது நிலம். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அதையும் விட்டுவிட்டு வந்தவர்களில் எங்கள் ஐயாவும் ஒருவர். அந்தக் கணக்கின் ஆங்கிலத் தலைப்பில் 'முக்கிய' மாவட்டங்கள் என்பதற்குப் பிரின்சிபல் என்றுதான் இருக்கும். வட்டிக்கடையைப் பற்றிய பக்கம் ஆயிற்றே என்று அங்கே அசல் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

சரி, இனி பிரின்சிபிள்.

கொள்கை, கோட்பாடு, தத்துவம், நெறி, விதி. இடத்துக்குத் தகுந்த மாதிரி தமிழில் இத்தனை சொல் வரும். ஆள், பணம், பதவி எதையும் இது குறிக்காது. கையால் தொட முடியாத ஒன்றைத்தான் குறிக்கும். இயற்பியலில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று படித்திருப்பீர்கள். ஊருணிப் படியில் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டவர்களுக்கு அது கையில் தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை இலேசாக இருக்கும். வாய் மேலே வந்து முழுக்குடமும் வெளியே வந்த நொடியில் கை இழுக்கும். தண்ணீருக்குள் இருக்கும் பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்கியதோ அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அதை மேலே தூக்கிவிடுகிறது. எந்தக் குடத்துக்கும் எந்த ஊருணிக்கும் பொருந்துகிற இந்த விதி ஒரு பிரின்சிபிள், எல்-ஈ. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியில், 36 முதல் 51 வரையுள்ள உறுப்புகளில், அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடுகளைப் படிப்பார்கள். அந்தக் கோட்பாடுகளும் எல்-ஈ தான். அங்கே ஏ-எல் போட்டால் வழிகாட்டும் தலைமையாசிரியர்கள் என்று ஆகிவிடும்.

இதிலிருந்து பிறந்த இரண்டு தொடர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன் பிரின்சிபிள் என்றால் கொள்கை காரணமாக. எங்கள் ஐயா லாபம் வந்த வருஷமும் சரி, வராத வருஷமும் சரி, மகமைக்கு, அதாவது தர்மக் காரியத்துக்கு, என்று ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றக் கணக்கைப் பார்ப்பாராம். யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் எடுத்து வைப்பார். அது ஆன் பிரின்சிபிள்.

இன் பிரின்சிபிள் என்றால் கொள்கை அளவில். இந்தத் தொடர்தான் நான் தொடக்கத்தில் சொன்ன குடும்பத்துக்குப் பணம் நஷ்டமாகக் காரணமானது.

அப்போது நான் ஒரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். மனை வாங்கி வீடு கட்டுவதற்காக ஒருவர் விண்ணப்பித்தார். சொந்தமாக மளிகைக் கடை, ஒழுங்கான வரவு செலவு, நல்ல மனிதர். அவருடைய வருமானத்தைப் பார்த்து இன் பிரின்சிபிள் சாங்ஷன் என்று ஒரு கடிதம் போனது. "உங்களுக்கு இவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று கொள்கை அளவில் ஒப்புக்கொள்கிறோம், மனையின் பத்திரங்களை வக்கீல் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இறுதி முடிவு" என்பதுதான் அந்தக் கடிதத்தின் பொருள். அவர் அதைத் தன் மச்சினரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறார். பிரின்சிபல் என்றால் அசல், சாங்ஷன் என்றால் ஒப்புதல், ஆகவே அசல் தொகை முழுக்க ஒப்புதலாகிவிட்டது என்று மச்சினர் அர்த்தம் சொல்லிவிட்டார். கடைசி இரண்டு எழுத்தை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கே மனைக்காரருக்கு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து, இத்தனை நாளுக்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் செய்வேன் என்று ஒப்பந்தமும் போட்டுவிட்டார்.

வக்கீல் பார்த்தபோது அந்த மனையின் மூலப் பத்திரத்தில் ஒரு பங்காளியின் கையெழுத்தே இல்லை என்று தெரிந்தது. கடன் நின்றுவிட்டது. கெடு முடிந்தது. முன்பணத்தில் பாதிகூட அவருக்குத் திரும்பி வரவில்லை. அவர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நீட்டி, "இதுல பிரின்சிபல் சாங்ஷன்னு இருக்குங்களே" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தவன் நான். இரண்டு வரி தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் முன்பணம் கொடுத்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு அப்படி ஒரு கடிதம் என் கையால் போனால், "இது இறுதி ஒப்புதல் இல்லை, பத்திரம் சரிபார்க்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்" என்று பேனாவால் தமிழில் எழுதாமல் கொடுத்ததில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அப்படியே செய்தேன்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படிக் கடிதம் வந்தால், முன்னால் இன் என்ற சொல் இருக்கிறதா, எல்-ஈ என்று முடிகிறதா என்று பாருங்கள். இருந்தால் பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

இந்த இரண்டு சொல்லும் ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டு வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரைமஸ் என்றால் லத்தீனில் முதலாவது. கபேரே என்றால் எடுப்பது. இரண்டும் சேர்ந்து பிரின்செப்ஸ், முதலிடத்தைப் பிடித்தவர். பிரின்ஸ் என்று இளவரசரைச் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். பிரின்செப்ஸிலிருந்து பிறந்த உரிச்சொல் பிரின்சிபல். அதே பிரின்செப்ஸிலிருந்து பிரின்சிப்பியம் என்று இன்னொரு சொல் பிறந்தது. அதற்குத் தொடக்கம், அடிப்படை என்று பொருள். நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலைப் பிரின்சிப்பியா என்கிறார்களே, அது இதன் பன்மை. பிரின்சிப்பியம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பிரின்சிபிள் ஆனது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்றும் கடைசியில் எல் கிடையாது. ஆங்கிலத்தில்தான் வேறு சில சொற்களைப் பார்த்து எல் என்ற எழுத்தை ஒட்டவைத்துவிட்டார்கள். அந்த எல் ஒட்டாமல் இருந்திருந்தால் உங்கள் கடிதத்தில் சிவப்பு மை விழுந்திருக்காது.

கூர்மையான வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். வேர்ப் பொருளைப் பார்த்தால் பிரின்சிபிளும் முதல்தானே, அப்படியானால் சாவி எப்படி வேலை செய்யும்? நியாயமான கேள்வி. ஒரு கொள்கையும் அதிலிருந்து மற்றவை கிளைக்கிற முதல்தான். ஆனால் இன்றைய தமிழில் "அவருக்கு ஒரு முதல் உண்டு" என்று சொன்னால் பணம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள், கொள்கை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாவி வேலை செய்வது அந்த இன்றைய வழக்கை வைத்துத்தான். வேரை வைத்துத் திறக்கப் பார்த்தால் இரண்டு கதவும் திறந்துகொள்ளும்.

ஒரு சின்னப் பயிற்சி. "எங்கள் கல்லூரி முதல்வர் கொள்கைப் பிடிப்புள்ளவர், யாரிடம் கடன் வாங்கினாலும் வட்டிக்கு முன்னால் அசலை அடைக்கத்தான் பார்ப்பார், அதுதான் அவருடைய முதன்மையான நோக்கம்" என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். நான்கு இடத்தில் இந்தச் சொற்கள் வரும். முதல்வர் ஏ-எல். கொள்கைப் பிடிப்பு எல்-ஈ, அதோடு ஒரு டி சேரும். அசல் ஏ-எல். முதன்மையான என்பதும் ஏ-எல். நான்கையும் சரியாகப் போட்டுவிட்டால் இந்த விஷயத்தில் உங்களுக்கு இனிமேல் யாரும் சுழிக்க வேண்டியிருக்காது.

விடுப்புக் கடிதத்தைத் திருத்தி எழுதும்போது மேலே "டு தி பிரின்சிபல்" என்று ஏ-எல் போட்டு எழுதுங்கள். அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக வைப்பது வழக்கம். அப்புறம் உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். போனஸோ அறுவடைப் பணமோ கையில் கொஞ்சம் கூடுதலாக வந்து கடனில் கட்டுவதாக இருந்தால், அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்ள வேண்டாம், பிரின்சிபலில் வரவு வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன 9 சதவீதக் கணக்கில் அசலில் 50,000 ரூபாய் குறைந்தால் மறுமாதமே வட்டியில் 375 ரூபாய் குறையும். அந்தக் கோரிக்கைக் கடிதத்தை ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள் தம்பி.